கொம்பின் பழுப்பு

பழைய வீட்டை இடிக்க ஆள் வருவதற்கு முந்தைய நாள், அப்பா ஸ்டூல் போட்டு ஏறி வாசல் நிலைக்கு மேலே இருந்த மான் கொம்பைத் தானே கழற்றினார். யாரையும் தொடவிடவில்லை. நிலை, கதவு, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் "பழைய சாமான்காரன்கிட்ட குடுத்துடு" என்றவர், கொம்பை மட்டும் ஒரு வேட்டியில் சுற்றி காரின் பின் சீட்டில் வைத்தார்.

எங்களுக்கு ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஜிஎஸ்டி சாலையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை பிரியும் இடம். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் இரவும் பகலும் போகும். கோயில் குடைவரைக் கோயில். நரசிம்மர் மலையோடு ஒட்டியிருப்பதால் அவரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். அந்த மலைக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட தெரு ஒன்றில்தான் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருந்தது.

கொம்புக்கு ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் தாத்தா ஒரு மிராசுதாரரின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்ச் சுட்ட மான் அது. எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தோம். நான் பள்ளியில் இதை வைத்தே நான்கைந்து நண்பர்களைச் சம்பாதித்திருக்கிறேன்.

வேட்டியைப் பிரித்துப் பார்த்தபோது கொம்பு வெளுத்துக் கிடந்தது. வெள்ளை என்றால் தந்த வெள்ளை இல்லை, சாக்பீஸ் வெள்ளை. விரலால் தடவினால் மாவு ஒட்டியது. மேற்கு பார்த்த வாசல், அறுபது வருட வெயில், மழைச் சாரல், ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவரோடு சேர்த்துத் தெறித்த சுண்ணாம்பு. புது வீட்டு ஹாலில் இதை மாட்ட வேண்டும், அதற்கு முன் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார் அப்பா.

சித்தப்பா மகன் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறான். ஷேடு மேட்ச்சிங்தான் அவன் தொழில். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒண்ணுமில்லண்ணா, பெயிண்ட் போன பம்பர் மாதிரிதான். ப்ரைமர் அடிச்சு மேல ரெண்டு கோட் பிரவுன் குடுத்தா முடிஞ்சுது."

"பெயிண்ட்லாம் அடிக்கக் கூடாது. பழைய நிறம் வரணும்" என்றார் அப்பா.

"பழைய நிறம்னா எந்த பிரவுன் பெரியப்பா? எனக்கு ஒரு சாம்பிள் வேணும்ல."

அப்பாவால் சொல்ல முடியவில்லை. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளில் வேலை பார்ப்பவன். தேவையைத் தெளிவாகச் சொல்லாத வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகியவன். சாம்பிளை நான் தேடித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மான் கொம்பின் பழைய நிறம் எது? ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்த கேள்வி, என்னை இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு போனது.

*

முதல் குழப்பம் சொல்லில்தான். தமிழில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் எல்லாம் கொம்புதான். மரக்கிளையும் கொம்பு, ஊதுகிற வாத்தியமும் கொம்பு. விலங்கியலில் இவை இரண்டு வகை. ஆடு, மாடு, வெளிமான் போன்றவற்றின் கொம்பு நகம் மாதிரியான பொருள். உள்ளே எலும்பு, வெளியே உறை. பிறந்தால் சாகும்வரை கூடவே இருக்கும், விழுவதில்லை. சிலம்பக்காரர்கள் கையில் பிடித்துச் சுழற்றும் மான்கொம்பு வெளிமானுடையது. இயல்பிலேயே கறுப்பு.

புள்ளிமான், கடமான் வகையறாக்களின் கொம்பு வேறு கதை. அது முழுக்க எலும்பு. கலைமானுக்கு மட்டும் முளைக்கும், முழு வளர்ச்சி அடையும், உதிரும், மறுபடி முளைக்கும். வளரும் காலத்தில் அதன்மேல் பூனைமுடி போன்ற மென்தோல் மூடியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். பாலூட்டிகளின் உடலில் இத்தனை வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. வளர்ந்து முடிந்ததும் ரத்த ஓட்டம் நிற்கும், தோல் காய்ந்து உரியும். மான் அதை மரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிழித்தெறியும்.

தோல் கிழிந்த அந்த நேரத்தில் கொம்பு என்ன நிறம் தெரியுமா? வெள்ளை. அங்கங்கே ரத்தக் கறை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். பழுப்பு, கொம்பின் நிறமே இல்லை. தேய்க்கும்போது மரப்பட்டையின் சாறும் பிசினும், மிச்சமிருக்கும் ரத்தமும், சேறும் எலும்பின் நுண்துளைகளில் இறங்கிக் காற்றுபட்டுக் கருக்கும். பள்ளங்களில் அடர்த்தியாகவும் மேடுகளில் வெளிறியும் இருப்பது இதனால்தான். நுனிகள் தேய்ந்து தேய்ந்து பளபளவென வெள்ளையாகவே நிற்கும். தேய்க்க மரமில்லாத இடத்தில் வளரும் மானின் கொம்பு வெளுப்பாக இருக்கும் என்கிறார்கள் மான் வளர்ப்பவர்கள். ஒரே ஆள் வேறு காட்டுக்குப் போனால் வேறு பழுப்போடு வருவான்.

செங்கல்பட்டு ரயிலில் போகிற எல்லோருக்கும் இந்த வேதியியல் பரிச்சயமானதுதான். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் தோல் கம்பெனியால். 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் மதராஸில் குரோமிய உப்பு வைத்துத் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கும்வரை, நம் பக்கம் தோலுக்கு நிறம் கொடுத்தது ஆவாரம்பட்டை. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு பழுப்பாக்கும். கொம்பிலும் அதே புரதம் இருக்கிறது. தோல் ஷாப்பில் மனிதன் தொட்டி கட்டிச் செய்ததை, மான் தலையை ஆட்டிச் செய்கிறது.

அது சும்மா செய்வதுமில்லை. மரத்தில் தேய்ப்பதால் தன் வாசனையை விட்டுப்போகிறது. சேற்றைக் கிளறிப் பூசிக்கொள்கிறது. சில சமயம் புல்லையும் கொடியையும் கொம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. 'நான் இருக்கிறேன், பார்' என்று மற்றக் கலைகளுக்குக் காட்டும் ஒப்பனை.

ஆக, "பழைய நிறம் வரணும்" என்ற தேவைக்கு முதல் பதில்: அது ஏதோ ஒரு காட்டில் ஏதோ ஒரு மரத்தின் நிறம். அந்த மரம் எது என்று யாருக்கும் தெரியாது.

*

காட்டில் உதிர்ந்த கொம்பு அதிக நாள் கிடக்காது. முள்ளம்பன்றி வந்து கொறிக்கும். சுண்ணாம்புச் சத்துக்காக மான்களேகூட மெல்லும். மிச்சமிருப்பதை வெயில் வெளுக்கும், மழை பிளக்கும். வெளுப்பது என்றால் மேலே ஏறிய சாயம் போவது மட்டுமில்லை. எலும்புத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதமே சிதைந்து, மேற்பரப்பு பொடியாக உதிர்கிறது. எங்கள் வாசலில் நடந்ததும் இதேதான்.

மனிதன் முந்திக்கொண்டு எடுத்துவந்த கொம்புகளுக்கு வேறு வேறு விதி. சித்த மருத்துவர்கள் அதைப் புடமிட்டுச் சிருங்கி பற்பமாக்கினார்கள். நிறமே வேண்டாம், வெண்மைதான் இலக்கு. மதராஸ் மாகாணத்தின் வடகோடியில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் கொம்பை மெல்லிய பட்டைகளாக அறுத்து, சந்தனப் பெட்டிகளின் மேல் ஒட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடும்பங்கள் தையல் பெட்டியாகவும் எழுதுபெட்டியாகவும் இவற்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பின. சில பெட்டிகளில் முள்ளம்பன்றி முள்ளும் சேர்ந்திருக்கும். காட்டில் கொம்பைத் தின்றவனும் தின்னப்பட்டதும் பெட்டியின் மேல் பக்கத்துப் பக்கத்தில்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்திப் பிடிகளுக்கு இந்தியக் கடமான் கொம்புக்குத் தனி மவுசு. நடுவில் பஞ்சு குறைவு, கெட்டி அதிகம். அது பெரும்பாலும் உதிர்ந்த கொம்பு. நம் காடுகளில் பொறுக்கி, மூட்டை கட்டிக் கப்பலேறியது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வன விளைபொருள் என்று பட்டியலிடும்போது தேன், மெழுகு, எலும்பு ஆகியவற்றோடு கொம்பையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது அன்றைக்கு அது புளி, கடுக்காய் மாதிரி குத்தகைக்கு விடக்கூடிய சரக்கு. இந்த ஏற்றுமதி தொண்ணூறுகளின் இறுதியில்தான் முற்றிலும் நின்றது.

இன்னொரு பக்கம் சுவரில் ஏறிய கொம்புகள். நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கண்டபடி சுட்டதில் கடமான்கள் குறைந்துபோய், அவர்களே பயந்து 1877இல் வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமே வந்தது. பாதுகாப்பு என்றால் மானுக்கு இல்லை, அடுத்த சீசனின் வேட்டைக்கு. லண்டனில் ரோலண்ட் வார்டு 1892 முதல் எந்தத் துரையின் கொம்பு எத்தனை அங்குலம் என்று சாதனைப் புத்தகமே போட ஆரம்பித்தார். மைசூரில் 1900 வாக்கில் தொடங்கிய வான் இங்கன் குடும்பத்தின் பாடம் செய்யும் தொழிற்கூடம், மகாராஜாக்களும் துரைகளும் அனுப்பிய பல்லாயிரம் விலங்குகளை உயிருள்ளவை போலவே செய்து கொடுத்தது. 1999வரை அது நடந்தது. அந்தக் குடும்பத்தின் ஜூபர்ட் வான் இங்கன் நூறு வயதை எட்டி 2013இல் இறந்தார்.

சுவரில் ஏறிய கொம்புக்கு நிறம் முக்கியம். வெளுத்த கொம்பைப் பார்த்தால் பொறுக்கியது என்று தெரிந்துவிடும். பழுப்பாக இருந்தால்தான் 'நேற்றுச் சுட்டது' போலிருக்கும். வெளுத்ததைப் பழுப்பாக்கும் வித்தைகள் இங்கிருந்துதான் தேவைப்பட ஆரம்பிக்கின்றன. தேயிலை, மரச்சாயம், காபி என்று பலதும் உண்டு. ஆனால் இதில் ஈடுபட்டவர்கள், கத்திக்குப் பிடி போடுபவர்கள் உட்பட, திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் ஒன்று: பொட்டாசியம் பெர்மாங்கனேட்.

பள்ளி வேதியியல் கூடத்தில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். கறுப்புப் படிகம், தண்ணீரில் போட்டால் கத்திரிப்பூ நிறம். உயிர்ப்பொருள் எதன்மேல் பட்டாலும் அதை ஆக்ஸிஜனேற்றம் செய்துவிட்டு, தான் மாங்கனீஸ் டைஆக்ஸைடு ஆகிப் பழுப்பாக அங்கேயே படிந்துவிடும். பூசும்போது ஊதா, சில நிமிடத்தில் தேன் நிறம், இன்னொரு முறை பூசினால் காபிக்கொட்டை நிறம். பெயிண்ட் மாதிரி மேலே உட்காராது, துளைக்குள் இறங்கும். காய்ந்த பிறகு நுனிகளையும் மேடுகளையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், மரத்தில் தேய்த்த மானின் வேலை போலவே இருக்கும்.

சித்தப்பா மகனிடம் சொன்னேன். "சூப்பர்ண்ணா, சாம்பிள் கிடைச்சிருச்சு" என்றான்.

*

அன்றிரவுதான் சட்டத்தைப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'டிராஃபி' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொம்பு பெயர் சொல்லியே இருக்கிறது. தேன்கூடுகூட இருக்கிறது. 1927இல் குத்தகைச் சரக்காக இருந்த அதே பொருட்கள், இப்போது வேறு அறைக்கு மாறிவிட்டன. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. இப்படிப்பட்டதைக் கையில் பெற்றவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். 2003இல் அரசு ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்தது. கையில் இருப்பதை அறிவித்துப் பதிவுசெய்ய 180 நாள். அப்போது நான் பள்ளியில் எங்கள் வீட்டுக் கொம்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் அறிவிக்கவில்லை.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்தார்.

"யாரு வந்து பாக்கப் போறான்?"

"அதில்லப்பா. புது வீட்டு ஹால்ல மாட்டினா கிரகப்பிரவேசத்துக்கு வர்றவன் எல்லாம் போட்டோ எடுப்பான்."

"எங்க அப்பா சுட்டப்ப இந்தச் சட்டம் கிடையாது."

"அதுக்கும் ஒரு பேப்பர் வேணும்ப்பா."

அவர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. கொம்பை இனி யாரும் தொடக் கூடாது என்று மட்டும் முடிவானது. தம்பிக்கு ஏமாற்றம். பெர்மாங்கனேட் பாக்கெட்டை வாங்கிவிட்டிருந்தான். "சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ண்ணா" என்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் நல்லி எலும்புகளைக் கேட்டு வாங்கினான். சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்துக் கொழுப்பை எடுத்து, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தோம். ஒன்றில் பெர்மாங்கனேட் பூசினோம், ஒன்றை ஆவாரம்பட்டைக் கஷாயத்தில் ஊறப்போட்டோம். கையுறை கிழிந்து என் வலது கை விரல்கள் எல்லாம் பழுப்பானது தனிக் கதை.

இல்லை, தனிக் கதை இல்லை. கதையே அங்கேதான் இருந்தது.

*

அன்று அப்பாவின் அக்கா வந்திருந்தார். அத்தைக்கு எண்பதை நெருங்குகிற வயது. சாப்பிட உட்கார்ந்தபோது என் விரல்களைப் பார்த்தார்.

"இன்னாடா இது, கெணத்து மருந்தா?"

"கெணத்து மருந்தா? எது அத்தை?"

"அதாண்டா, ரோஸ் கலரு. காலரா மருந்து. உங்க தாத்தா கையி எப்பவும் இப்பிடித்தான் இருக்கும். எலுமிச்சம்பழத் தோலு போட்டுத் தேய், போயிடும். அவரு அப்பிடித்தான் பண்ணுவாரு."

தேய்த்தேன். போய்விட்டது.

தாத்தா சுகாதாரத் துறையில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். 'கவர்மெண்ட் உத்தியோகம்' என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. அத்தைதான் அன்று சொன்னார். கிராமம் கிராமமாக சைக்கிளில் போய்க் கிணறுகளுக்கு மருந்து போடுவது அவர் வேலை. காலரா என்று தகவல் வந்தால் இரவில்கூடக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார், பிள்ளைகளைத் தொட மாட்டார்.

அந்த மருந்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1850களின் இறுதியில் லண்டனில் ஹென்றி காண்டி என்பவர் பெர்மாங்கனேட்டைக் கிருமிநாசினியாக விற்க ஆரம்பித்தார். 1890களில் ஆக்ராவில் அரசு வேதியியல் பரிசோதகராக இருந்த ஹான்கின், காலரா பரவும் ஊர்களில் கிணறுகளுக்கு அதைப் போடும் முறையைப் பரப்பினார். கங்கை நீரில் காலராக் கிருமி செத்துப்போகிறது என்று 1896இல் எழுதிய அதே ஹான்கின். அளவு பார்க்கத் தராசு வேண்டாம், கண் போதும். கிணற்று நீர் ரோஜா நிறமாகிச் சில மணி நேரமாவது அந்த நிறம் நிற்க வேண்டும். உடனே மறைந்தால் அழுக்கு அதிகம், இன்னும் போடு. படிக்காத ஊழியரும் செய்யக்கூடிய சோதனை என்பதால் இந்தியா முழுக்கப் பரவியது. மதராஸ் மாகாணம் 1939இல் தனிப் பொது சுகாதாரச் சட்டமே கொண்டுவந்தது. பிறகு பிளீச்சிங் பவுடர் வந்தது. காலராக் கிருமியைத் தாண்டி மற்ற கிருமிகளிடம் பெர்மாங்கனேட் அவ்வளவாகச் செல்லுபடியாகாது, தண்ணீரின் நிறத்தையும் ருசியையும் வேறு கெடுக்கும் என்று மருத்துவப் பாடநூல்கள் அதைக் கைவிட்டன.

அத்தை இன்னொன்றும் சொன்னார். சாதாரணமாக, ரசம் ஊற்றிக்கொண்டே.

"சில ஊர்ல இவரு கெணத்துகிட்ட போகக் கூடாது. நம்ம ஆளுங்க தொட்டா தீட்டாயிடும்ல. மருந்தை வாளியில கரைச்சு வெச்சிட்டு தள்ளி நிப்பாரு. அவங்க ஆளு ஒருத்தன் எடுத்து ஊத்துவான். ரோஸா ஆச்சான்னு அவன்தான் எட்டிப் பாத்துச் சொல்லணும். இவரு பாக்க முடியாது."

எங்கள் மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் யாருக்கும் தடையில்லை என்று 1924 ஆகஸ்டில் மதராஸ் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். அடுத்த ஆண்டு அது அரசிதழிலும் வந்தது. நான் இதைப் போட்டித் தேர்வு வினாவாக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதற்கு முப்பது வருடம் கழித்தும் என் தாத்தா, தான் சுத்தம் செய்த கிணற்றை எட்டிப் பார்க்க முடியாமல் தள்ளி நின்றிருக்கிறார்.

"அப்ப மான் எப்ப அத்தை சுட்டாரு?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா சாப்பாட்டைப் பார்த்தார்.

"மானா? அவரு கோழி அறுக்கவே பயப்படுவாரு. ஏதோ ஊர்ல காலரா ஓஞ்சதும் ஒருத்தர் சும்மா கெடந்துதுன்னு குடுத்தாரு ரெண்டு கொம்பு. வெள்ளையா இருந்துச்சு. தோட்டத்துல ஒக்காந்து, மிச்ச மருந்தைக் கரைச்சுப் பூசிப் பூசிக் காய வெச்சாரு. நான்தான் வாளி புடிச்சேன்."

*

சாப்பாடு முடிந்ததும் வேட்டியைப் பிரித்தேன். கொம்புகள் பொருந்தியிருந்த பலகையில், அடிப்பாகத்தை மறைத்துச் சிவப்பு வெல்வெட் துணி ஒன்று சுற்றியிருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பிரித்ததில்லை. சுட்ட மானின் கொம்பென்றால் மண்டையோட்டின் ஒரு துண்டு சேர்ந்தே இருக்கும். உதிர்ந்த கொம்பின் அடி குமிழாக, சொரசொரப்பாக, தானே மூடிக்கொண்ட காயம் போல இருக்கும். இரண்டுமே குமிழ். போதாததற்கு ஒன்று மற்றதைவிட நான்கு விரல் நீளம் கம்மி. ஒரே மானுடையதுகூட இல்லை. அறுபது வருடம் இதை அண்ணாந்து பார்த்தும் எங்களுக்கு அது ஜோடியாகத்தான் தெரிந்தது.

பலகையோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில், வெயிலும் சாரலும் படாத இடத்தில், பழுப்பு அப்படியே இருந்தது. அப்பா தேடிய 'பழைய நிறம்'. எலுமிச்சைத் தோலை எடுத்து, ஓரத்தில் ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொட்டு வெளுத்தது. நல்லி எலும்புகளிலும் தேய்த்துப் பார்த்தோம். பெர்மாங்கனேட் எலும்பு வெளுத்தது, ஆவாரம்பட்டை எலும்பில் பெரிய மாற்றமில்லை. இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. எங்கள் வீட்டுக்குப் போதும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே பழம்பொருட்களைப் பாதுகாக்க வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளின் நோயைக் குணப்படுத்தினார். அந்தத் துறையில் ஒரு கேள்வி எப்போதும் உண்டு. ஒரு பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், எந்தப் பழைய நிலை? எங்கள் கொம்புக்கு மூன்று இருந்தன. தோல் கிழிந்த நாளின் வெள்ளை. ஏதோ மரம் கொடுத்த பழுப்பு. காலரா மருந்தின் பழுப்பு. முதல் இரண்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

மாலையில் அப்பா மாடிக்கு வந்தார். காய்ந்துகொண்டிருந்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதே கலருதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரியும்டா" என்றார்.

"அப்புறம் ஏம்ப்பா வேட்டைன்னு சொன்னீங்க?"

"அவருதான் சொன்னாரு. நான் திருப்பிச் சொன்னேன். வேட்டைக்காரன்னா வாசல்ல நாலு பேர் நின்னு கேப்பான். கெணத்துல மருந்து போட்டேன்னா எவன் கேப்பான்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துரைகள் வீட்டுச் சுவரிலும் ஜமீன் வீட்டுச் சுவரிலும் கொம்பு என்ன சொல்லியதோ, அதையே எங்கள் தெருவில் ஒரு வாசலில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு அவரிடம் இருந்த ஒரே சாயம் வேலைக்குக் கொடுத்த மருந்து. அவர் கிணற்றை எட்டிப் பார்க்க முடியாத ஊர்க்காரர்கள் எங்கள் வாசலில் நின்று, அந்த நிறத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அவர் பொய் சொன்னார் என்று இன்று எழுதுவது எனக்குச் சுலபம். எத்தனை கிணறு, எந்தெந்த ஊர், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு வரிகூட எங்கள் வீட்டில் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இல்லாத ஒரு மானைப் பற்றி முழுக் கதையும் இருக்கிறது.

*

கொம்பை ஒப்படைக்கலாம் என்று சொன்னது அப்பாதான். நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். 'எங்கள் மூதாதையரால் வேட்டையாடப்பட்ட' என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்ததை அவரே பேனாவால் அடித்தார்.

வெளுத்த நிலையிலேயேதான் எடுத்துப் போனோம். தம்பி கடைசிவரை "ஒரு கோட் குடுத்துரலாம் பெரியப்பா, மரியாதையா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். புது வீட்டு ஹாலில் அந்த இடத்தில் இப்போது தாத்தாவின் படம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கைகளின் நிறம் தெரியாது. பழுப்பான நல்லி எலும்பு ஒன்று மட்டும் என் மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடக்கிறது.

அலுவலகத்தில் இருந்தவர் கொம்பை அளந்து, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"வேட்டையா, உதிர்ந்ததா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "உதிர்ந்தது சார். எங்க அப்பா ஹெல்த்ல இருந்தாரு. கெணத்துக்குப் போடற மருந்துல கலர் பண்ணி மாட்டி வெச்சிருந்தாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கெணத்து மருந்துலயா?" என்றார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.